நேராக்கிய பாட்டு

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

திண்டிவனத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது புகழேந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினான். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவன். கலையைக் குழுவில் சேர்த்ததே அவன்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கிறிஸ்மஸுக்குக் கலை ஒரு பாட்டு பண்ணிக்கினு இருந்துச்சி. நாலு குரலுக்கும் சேர்த்து. லேப்டாப்ல இருக்குதுன்னு சொல்லிச்சி. கெடைச்சா இந்த வருஷம் நாம பாடலாம்னு பசங்க கேக்குறாங்க."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள் என் பெண். கலைப்பிரியா. பி.காம் கடைசி வருஷம் முடித்திருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அடுத்த ஞாயிறு இதே கோயிலில் அவளைப் பெட்டியில் வைத்துப் பூசை நடந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

விழுப்புரம் திரும்பும் ரயிலில் என் மனைவி அன்பு பக்கத்தில் இருந்தாள். பேரணி ஸ்டேஷன் தாண்டியதும், "இன்னாவாம் அவனுக்கு?" என்றாள். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

டியூட்டி முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அவள் பெயர், பிறந்தநாள், எங்கள் பெயர்கள், மாதா பெயர் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அன்பு திரும்பாமலே சொன்னாள்: "அவ போன் நம்பர்ல கடைசி ஆறு." திறந்துவிட்டது.

ஒரு ஃபோல்டரில் 'கிறிஸ்மஸ் பைனல்', 'பைனல் 2', 'நிஜமா பைனல்' என்று மூன்று கோப்புகள். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

நிஜமா பைனலைத் தொட்டதும் அவள் பாட்டு போடுகிற புரோகிராம் திறந்தது. கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் சின்னதும் பெரிதுமாகத் துண்டுக் கோடுகள். அதைப் போட்டோ எடுத்துப் புகழேந்திக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான்.

"இது எங்களுக்கு ஆவாதுண்ணே. அஞ்சு கோடு போட்டு நோட்டு எழுதியிருக்கணும். பேப்பர்ல இருந்தாத்தான் நாலு குரலும் பாட முடியும்."

அப்படி எழுதுகிறதற்கு வேறு புரோகிராமாம். இலவசமாகவே கிடைத்தது, இறக்கிக்கொண்டேன். அதில் அவள் கோப்பைத் திறக்கப் போனால், இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது என்று வருகிறது.

ப்ளே பட்டன் அங்கேயே இருக்கிறது. அழுத்தவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன். புரோகிராம் ஏமாறவில்லை. இயலாது, இயலாது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

கீழ்ப்பெரும்பாக்கம் பக்கம் கோகுலகிருஷ்ணன் என்று ஒரு தம்பி கீபோர்டு வகுப்பு நடத்துகிறான். கீழ் வீட்டில் ஒரு அறை, நாலு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர். நோட்டு எழுதுகிற பெரிய புரோகிராம் அவனிடம் இருக்கிறது. என் பெண் போட்ட பாட்டு என்று மட்டும் சொன்னேன். "அவங்களையே கூட்டிக்கினு வாங்க சார், கேட்டுக் கேட்டுப் பண்ணலாம்" என்றான். சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். ஒரு புரோகிராமின் கோப்பு இன்னொன்றுக்குப் புரியாது. இரண்டுக்கும் பொதுவாக மிடி என்று ஒன்று இருக்கிறது. இதிலிருந்து மிடியாக வெளியே எடுத்து, அதில் உள்ளே இழுக்க வேண்டும்.

"மிடியில சத்தமே இருக்காது சார். எந்தக் கட்டைய, எப்ப, எவ்ளோ அழுத்தி அமுக்குனாங்க, எப்ப கையெடுத்தாங்க, அது மட்டுந்தான்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நான் ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியன். எங்கள் ரிலே ரூமில் டேட்டா லாகர் இருக்கிறது. எந்த சிக்னல் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். ரயில் போய்விட்ட பிறகும் அது எப்படிப் போனது என்று அதில் பார்க்கலாம்.

அப்படியென்றால் அவள் விரல் அதில் இருக்கிறது.

பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தே வந்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

24 ஆகஸ்ட், சனி

லேப்டாப்பைக் கோகுல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மிடியாக எடுத்து, பென் டிரைவில் போட்டு, அவன் கம்ப்யூட்டரில் உள்ளே இழுத்தான். ஒரு நிமிஷம் சுற்றியது. பக்கம் திறந்தது.

கோகுலுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

நோட்டே தெரியாத எனக்குக்கூடத் தெரிந்தது, இது சரியில்லை என்று. பக்கம் முழுக்கக் கறுப்பு. எறும்புப் புற்று மாதிரி. குச்சிமேல் குச்சி, வளைவுக்கு மேல் வளைவு. நாலு குரலும் ஒரே கோட்டில் குவிந்து கிடந்தது. சொற்கள் ஒன்றுகூட இல்லை.

"தாளக்கட்டைப் போடாம வாசிச்சிருக்காங்க சார். அவங்க இஷ்டத்துக்கு. புரோகிராம் அத அப்பிடியே நம்பி எழுதுது. ஒரு நோட்டு இம்மாத்தூண்டு பிந்தினாலும் அந்த இம்மாத்தூண்டுக்கும் ஒரு குறி போடும்." திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். "இங்க பாருங்க. வலது கை கரெக்டா விழுது. இடது கை எல்லா எடத்துலயும் கொஞ்சம் லேட்டு."

ஆமாம். லேட்டுதான். சின்ன வயசிலிருந்தே. அவள் வாசிக்கும்போது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். வலது கை போய்விடும், இடது கை செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும். புகழேந்தி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறான்.

அது இங்கே எழுதியே இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் அந்த இலவசப் புரோகிராமில் மிடியை நானே இழுத்துப் போட்டு ப்ளே அழுத்தினேன். கம்ப்யூட்டர் குரலில் நாலு பேர் 'ஆ ஆ' என்று பாடினார்கள். வாயில்லாதவர்கள் பாடுகிற மாதிரி.

அன்பு ஈரக்கையோடு வந்து மூடியைச் சாத்தினாள். "நிறுத்து அத. செத்த ஊட்டுல பொம்ம பாடுற மாதிரி இருக்குது."

"அவ வாசிச்சதுதான் அன்பு."

"அவ எங்க வாசிக்கிறா? நீ பட்டன அமுக்கினு உக்காந்துகினு கீற."

கல்யாணமான நாளிலிருந்து இத்தனை வருஷத்தில் கோபத்தில்கூட என்னை நீ என்று சொன்னதில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

கோகுல் அச்சடித்துக் கொடுத்த பக்கங்களைத் திண்டிவனம் கொண்டுபோய்ப் புகழேந்தியிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குழுவில் மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இத யாராலயும் பாட முடியாதுண்ணே."

"அவ இப்பிடித்தான் வாசிச்சா."

"தெரியும்ணே. ஆனா அவ மனசுல இப்பிடி இல்ல. மனசுல நேரா இருந்தது, கையில இப்பிடி வந்துச்சி. நேராக்கிக் குடுக்கச் சொல்லுங்க. கோகுலு தம்பிக்குத் தெரியும். அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்குது."

அவள் மனதில் என்ன இருந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது கை மட்டும்தான்.

9 செப்டம்பர், திங்கள்

கோகுலும் அதையேதான் சொல்கிறான். உள்ளே இழுக்கும்போதே புரோகிராம் கேட்குமாம், எவ்வளவு சின்ன நோட்டு வரைக்கும் கணக்கில் எடுக்கட்டும் என்று. பெரிதாகச் சொன்னால் முன்னே பின்னே விழுந்ததையெல்லாம் தானே இழுத்துக் கட்டத்துக்குள் உட்காரவைத்துவிடும். பக்கம் சுத்தமாகிவிடும்.

"அப்ப இடது கை?"

"அதுவும் சரியாயிடும் சார்."

சரியாயிடும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

19 செப்டம்பர், வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மயிலத்தில் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயின்ட் மோட்டாரை மாற்றினோம்.

22 செப்டம்பர், ஞாயிறு

அன்பு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "போய்ட்டு வாங்க" என்கிறாள். மறுபடி ங்க போட்டுப் பேசுகிறாள். அது இன்னும் தூரமாக இருக்கிறது.

சாயங்காலம் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று திரும்பினேன். "சாப்பாடு ஆறிடும்" என்று போய்விட்டாள். நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஒரு கோப்பை வேறு மாதிரி இழுத்தால் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

5 அக்டோபர், சனி

ஒப்புக்கொண்டுவிட்டேன்.

புகழேந்தி விழுப்புரத்துக்கே வந்தான். அன்பு கையால் டீ வாங்கிக் குடித்தான். "அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான். அன்பு, "அது அப்பா பொண்ணு பாடு, என்ன இழுக்காத" என்றாள்.

அப்புறம் புகழேந்தி என்னிடம் சொன்னது: "இப்பிடியே வச்சிருந்தா நீங்க ஒருத்தர்தாண்ணே கேப்பீங்க. நேராக்குனா முப்பது பேர் பாடுவோம்."

இரண்டு பேருமாகக் கோகுல் வகுப்புக்குப் போனோம். கோகுல் மறுபடியும் உள்ளே இழுத்தான். ஒரு கேள்வி கேட்டது, ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தான். அவ்வளவுதான். எறும்புகள் எல்லாம் போய்விட்டன. வெள்ளை வெளேரென்று பக்கம். வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

புகழேந்தி திரையைப் பார்த்து வாய்க்குள்ளேயே பாடினான். கண் கலங்கியது அவனுக்கு. "எம்மாம் அழகா போட்டிருக்குதுண்ணே."

எனக்கு அழுகை வரவில்லை. இடது கையைத் தேடினேன். எல்லா இடத்திலும் சரியான நேரத்துக்கு வந்து நின்றிருந்தது.

12 அக்டோபர், சனி

நாலு குரலையும் கோகுல் தனித்தனிக் கோட்டில் பிரித்துவிட்டான். முதல் இரண்டு சரணத்துக்கும் சொற்கள் புகழேந்தியின் வாட்ஸப்பில் இருந்தன. கலை அவனுக்கு அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக நோட்டுக்கு அடியில் கோகுல் தட்டச்சு செய்தான். மூன்றாவது சரணத்துக்குச் சொல் இல்லை. அவள் எழுதவே இல்லை.

இன்னொன்று. பாட்டு முடியவில்லை. மூன்றாவது சரணம் பாதியில் நிற்கிறது. அவள் நிறுத்திய இடத்திலிருந்து அந்தக் கட்டம் நிறைகிற வரைக்கும் புரோகிராமே மௌனக் குறி போட்டு வைத்திருக்கிறது.

"நான் ஒரு முடிவு போட்டுடறேன் சார். நாலே நோட்டுதான். கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"வேணாம் தம்பி."

புகழேந்தி போனில் கெஞ்சினான். பூசையில் பாதியில் நின்றால் ஃபாதர் என்ன சொல்வார் என்றான். நான் இதில் மட்டும் இறங்கவில்லை. நேராக்கியாச்சு. முடித்தும் வைக்கணுமா? அதையும் நாங்களே பண்ணிடணுமா?

கடைசியில் மூன்றாவது சரணத்தை வாய்மூடி 'ம்' என்று இசைத்துக்கொண்டுபோய், அவள் விட்ட இடத்திலேயே விட்டுவிடுவது என்று ஆயிற்று.

பிடிஎஃப் புகழேந்திக்குப் போய்விட்டது.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். திண்டிவனம் கல்லறைத் தோட்டம். சாமந்திப்பூ, மெழுகுவர்த்தி. மழை தூறி மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. அன்பு திரும்பத் திரும்ப ஏற்றினாள். நான் நனைந்த தீப்பெட்டியை உரசிக்கொண்டிருந்தேன்.

"குழுவுல பயிற்சி ஆரம்பிச்சிட்டாங்க" என்றேன். ஏன் அப்போது அதைச் சொன்னேன்?

"ஒங்களுக்கு அவ பாட்டாயிட்டா. எனக்கு இன்னும் அவ புள்ளதான்" என்றாள்.

30 நவம்பர், சனி

புயல். காலையிலிருந்து ஓயவில்லை. எல்லாரையும் வரச் சொல்லி போன் வந்துவிட்டது. போட்டது போட்டபடி கிளம்பினேன். கதவைத் தாழ் போட்டுக்கொள், மாடி வீட்டுக்காரர்களிடம் சொல்லி வை என்று அன்புவிடம் சொன்னேன். லேப்டாப் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லவில்லை. நினைவே வரவில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

இன்றுதான் வீடு வந்தேன். ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். சிக்னல் பெட்டிகள் மூழ்கின. இடுப்பளவு தண்ணீரில் நின்று கேபிள் பார்த்தோம். போன் வேலை செய்யவில்லை. அன்பு உயிரோடு இருக்கிறாளா என்று யாரைக் கேட்பது?

இருந்தாள். மாடி வீட்டில். மூன்று நாளாகக் கட்டிய அதே புடவையோடு. என்னைப் பார்த்ததும் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

கீழே இறங்கிப் பார்த்தேன். சேறு. சுவரில் ஜன்னல் மட்டத்துக்குக் கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. டிவி ஸ்டாண்ட் ஊறிப் பிளந்து விழுந்திருந்தது. லேப்டாப்பைக் கையில் எடுத்தேன், ஓரத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. அதோடு வைத்திருந்த, கோகுல் முதலில் அச்சடித்துக் கொடுத்த பக்கங்கள் கூழாகியிருந்தன.

நான் எழுதுகிற இந்த நோட்டு டியூட்டிப் பையில் இருந்ததால் பிழைத்தது.

4 டிசம்பர், புதன்

என்ன சொன்னேன் என்று எழுதுகிறேன்.

தண்ணி உள்ள வர்றப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த என்று கேட்டேன். அரிசி மூட்டையத் தூக்குனேன், சிலிண்டரத் தூக்குனேன், அதுக்குள்ள இடுப்புக்கு வந்துடுச்சி, கரண்ட்டு போயிடுச்சி, மாடிவூட்டம்மா கையப் புடிச்சி இழுத்துச்சி என்றாள்.

"அரிசி பெருசாப் போச்சா ஒனக்கு?"

கத்தினேன். மாடியில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எனக்கு அது ஞாபகமே வரல" என்றாள் மெதுவாக. "அவ செத்துப் போயிட்டாங்கறது மட்டுந்தான் எனக்கு எப்பவும் ஞாபகத்துல இருக்குது."

எனக்கும் ஞாபகம் வரவில்லையே. சனிக்கிழமை நான்தானே அதைத் தாண்டிக் கதவுக்குப் போனேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7 டிசம்பர், சனி

அன்புவின் அண்ணன் மேல்மலையனூர் பக்கத்திலிருந்து வந்தார். வீடு காயும்வரை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஒரு பைதான் எடுத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது, "மாத்திர வேளாவேளைக்குப் போட்டுக்குங்க" என்றாள். வீடு காய்கிறதற்காகப் போகவில்லை என்று மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

11 டிசம்பர், புதன்

லேப்டாப்பைப் பாண்டிச்சேரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்மண். பழைய மாடல் டிஸ்க், தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, சுத்தமாக வாய்ப்பில்லை என்றார். "ஆன்லைன்ல ஏத்தி வச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்ல சார்."

நேரே கோகுல் வகுப்புக்குப் போனேன். வாசலில் நாலு கீபோர்டும் வெயிலில் நிமிர்த்தி வைத்திருந்தது. அவன் கம்ப்யூட்டரும் போய்விட்டது. பென் டிரைவ்? அதை அழித்து வேறு எதற்கோ கொடுத்துவிட்டானாம். பையன் அழுதுவிட்டான். தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அவனுக்கும் பிழைப்பு போய்விட்டது, அவனை என்ன சொல்ல?

ஆக மிச்சம் இருப்பது புகழேந்தியிடம் இருக்கிற பிடிஎஃப். நேராக்கியது.

பிந்தி விழுந்த அந்தக் கை இனி எங்கேயும் இல்லை.

12 டிசம்பர், வியாழன்

டியூட்டி. வேறொன்றும் இல்லை.

22 டிசம்பர், ஞாயிறு

திண்டிவனத்தில் கிறிஸ்மஸ் பாடல் மாலை. கோயிலில் வெள்ளத்தின் ஈரவாடை இன்னும் போகவில்லை. அன்புக்குப் போன் போட்டேன், மச்சான்தான் எடுத்தார். "அது வர்லியாம் மாப்ள" என்றார்.

பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலாவதாக இந்தப் பாட்டு. புகழேந்தி கலையின் பெயரைச் சொன்னான். பெண்கள் பக்கம் இரண்டொருவர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். நாலு குரலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கியது. ஒரு குரல்கூடப் பிந்தவில்லை. கேட்பவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது, முன்னால் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவாள், இந்த வரியில் வருவாள், அடுத்த வரியில் வருவாள். நல்ல பாட்டு. யாரோ ஒரு பெண் போட்ட நல்ல பாட்டு.

மூன்றாவது சரணம். வாயை மூடி இசைத்தார்கள். அவள் விட்ட இடம் வந்தது. புகழேந்தியின் கை காற்றில் அப்படியே நின்றது. ஜனங்களுக்குப் புரியவில்லை. இன்னும் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "அவ்ளோதானாம்மா?" என்றது.

அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் இருந்தாள். அல்லது அவள் இல்லை என்பது இருந்தது. எது என்று சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்று அழுதேன். அவள் போன பிறகு இதுதான் முதல் தடவை. யாருக்கும் தெரியவில்லை.

25 டிசம்பர், புதன்

கிறிஸ்மஸ். மாடி வீட்டுக்காரர்கள் இட்லி கொடுத்தார்கள்.

18 ஜனவரி 2025, சனி

கோகுல் போன் செய்தான். புது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டானாம். குரலில் சந்தோஷம்.

"சார், ஒரு வழி இருக்குது. பிடிஎஃப்ல இருந்தே நோட்ட ஸ்கேன் பண்ணி உள்ள இழுத்துடலாம். அப்புறம் மனுஷங்க வாசிக்கிற மாதிரி கொஞ்சம் முன்ன பின்ன தள்ளி வுடறதுக்கு ஒரு பட்டன் இருக்குது. பழைய மாதிரியே கேக்கும்."

"எந்தக் கையத் தள்ளும் தம்பி?"

"அது... அதுவா ஏதோ ஒண்ணத் தள்ளும் சார்."

வேண்டாம் என்றேன். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். இப்போது மூன்று பிள்ளைகள்தான் வருகிறார்களாம். நல்லா வரும் தம்பி என்றேன். இரண்டு பேரும் அதை நம்பவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சுவரில் வெள்ளம் விட்டுப்போன அந்தக் கோட்டுக்கு மேல் சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் மறுபடி தெரிகிறது.

2 மார்ச், ஞாயிறு

விழுப்புரத்தில் இன்னொரு கோயிலில் ஈஸ்டருக்கு இந்தப் பாட்டைப் பாடக் கேட்கிறார்களாம். கிறிஸ்மஸ் வரிகளை மாற்றி, ஒரு முடிவும் போட்டுக்கொள்ளலாமா என்று புகழேந்தி கேட்டான். போட்டுக்கொள்ளட்டும் என்றேன். அக்டோபரில் அந்த நாலு நோட்டுக்காக அத்தனை சண்டை போட்டேன். இப்போது பிடித்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கினேன்.

30 மார்ச், ஞாயிறு

மேல்மலையனூர் போனேன். நேற்று அமாவாசை, அம்மன் கோயிலுக்கு வந்து திரும்புகிற கூட்டம் எதிரே பஸ்ஸுக்கு மேல் பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தது. நான் போன பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது.

முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

மச்சான் வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, எல்லாம் கொல்லையில் மல்லாட்டை ஆயறாங்க என்றார்கள். போனேன். புங்க மர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகள் ஆளுக்கு ஒரு குவியல், வேரிலிருந்து காயைக் கிள்ளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அன்பு கறுத்து இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் குவியலை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

எதிரே தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட வரவில்லை.

"புயல் அன்னிக்கு நானும் அதத் தாண்டித்தான் போனேன், அன்பு. எனக்கும் ஞாபகம் வரல."

அவள் ஒரு செடியை முடித்து ஓரமாகப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"பாடுனாங்களா?"

"பாடுனாங்க."

"நல்லாருந்துச்சா?"

"தெரியல. அவளாட்டம் இல்ல."

"இருக்காது" என்றாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் மண் ஒட்டியது.

வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. கடைசி பஸ் எப்போது என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை. வெயில் நகர்ந்து என் முதுகில் விழுந்தது. அன்பு நிமிர்ந்து பார்த்தாள். நிழல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு தன் குவியலில் பாதியை இரண்டு கையாலும் அணைத்து என் முன்னால் தள்ளினாள்.

ஆய ஆரம்பித்தேன்.